தார் பாலைவனத்தில் மந்திரிப்பும் மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவரின் வேலை காரணமாக ஆறு வருடம் ராஜஸ்தானின் ஜோத்பூரில் குடியிருந்தோம். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்களும் தோழிகளும் ஒரே மாதிரி கேள்விகளைத்தான் கேட்டார்கள். "அங்கே எல்லாத்துக்கும் மந்திரவாதிகிட்டதான் போவாங்களாமே?" என்று பேச்சு தொடங்கும். பாதி பதில் சொல்வதற்குள் காபி வந்துவிடும். அந்தப் பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

தார் பாலைவனத்தில் ஏன் இவ்வளவு நம்பிக்கைகள்?

நம்பிக்கை இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? ஆனால் தாரில் அவற்றின் பிடி இறுக்கமாக இருப்பதற்குத் தூரம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஜெய்சல்மேர் மாவட்டம் ஒன்று மட்டும் 38,401 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட கேரள மாநிலம் முழுவதையும் அதில் வைத்துவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான். தமிழ்நாட்டில் அதே கணக்கு 555.

ஊர் என்று ஒரே இடத்தில் கூடி இருப்பதும் குறைவு. வயலுக்கு நடுவில் நாலு வீடு, எட்டு வீடு என்று சிதறி இருக்கும். அதை 'டாணி' என்பார்கள். அப்படி ஒரு டாணியில் நடுராத்திரி குழந்தைக்கு ஜன்னி வந்தால், அந்தக் காலத்தில் ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு எங்கே போக முடியும்? பக்கத்தில் இருப்பது வன்னி மரத்தடியில் ஒரு சாமி மேடை, அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர். அவ்வளவுதான். இப்போது தார்ச் சாலை போட்டாயிற்று, 108 வண்டியும் வருகிறது. ஆனால் பழக்கங்கள் உருவானது அந்த ஒட்டகக் காலத்தில்.

போபா என்பவர் யார்? மந்திரவாதியா?

நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் சாமியாடியும் பூசாரியும் சேர்ந்தவர். ஒரு தெய்வத்தின் மேடையைப் பார்த்துக்கொள்பவர், அந்தத் தெய்வம் தன் மேல் இறங்கிவரப் பெறுபவர். சாமி வருவதை அவர்கள் 'பாவ்' வருவது என்பார்கள். உடம்பு நடுங்கும், தலை சுழலும், சிலர் இரும்புச் சங்கிலியால் முதுகில் அடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நோயாளியின் வீட்டார் கேள்வி கேட்பார்கள்: மாடு ஏன் பால் மறுக்கிறது, மருமகள் ஏன் சாப்பிடாமல் கிடக்கிறாள், என்ன குறை வைத்தோம். போபா பதில் சொல்வார். மயிற்பீலிக் கொத்தாலோ வேப்பிலையாலோ உச்சி முதல் பாதம் வரை தடவி இறக்குவார். இதற்கு 'ஜாடா' என்று பெயர். துடைத்து எடுப்பது என்பதுதான் பொருள். பிறகு முடிச்சுப் போட்ட ஒரு நூலைக் கட்டிவிடுவார். அது 'தாந்தி'. கொஞ்சம் விபூதி தருவார்.

இன்னொரு வகை போபாவும் உண்டு. தெய்வக் கதையைத் துணியில் எழுதி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடுபவர். இவர்கள் நாயக் சமூகத்தினர். கையில் ராவணஹத்தா என்ற நரம்பு வாத்தியம் இருக்கும். இவர்களையும் வைத்தியத்துக்கு அழைப்பார்கள், பெரும்பாலும் ஒட்டகத்துக்காக.

ஒட்டகத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் ஏன் பாட்டுக்காரரை அழைக்கிறார்கள்?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாபூஜி என்பவர் ராத்தோர் குலத்து வீரர், ஃபலோதிக்குப் பக்கத்தில் கோலு என்ற ஊர்க்காரர். சாரண் சமூகத்துத் தேவல் என்ற பெண்ணிடம் கேசர் காளமி என்ற குதிரையை வாங்கும்போது, அவளுடைய பசுக்களுக்கு ஆபத்து வந்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அவருக்குக் கல்யாணம் நடக்கிறது. அக்கினியைச் சுற்றி வரும்போது பாதியில் சேதி வருகிறது, பசுக்களை ஜிந்த்ராவ் கீச்சி என்பவன் கொள்ளையடித்துக்கொண்டு போகிறான் என்று. மாப்பிள்ளை அப்படியே முடிச்சை அறுத்துக்கொண்டு கிளம்புகிறார். பசுக்களை மீட்கிறார். அந்தச் சண்டையிலேயே உயிரும் போகிறது. மார்வார் என்னும் இந்த ஜோத்பூர் வட்டாரத்தில் இந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது.

அவருக்கும் ஒட்டகத்துக்கும் என்ன தொடர்பு என்றால், மார்வாருக்கு ஒட்டகத்தை முதலில் கொண்டுவந்தவரே அவர்தான் என்பது நம்பிக்கை. அண்ணன் மகள் கேலத்தின் கல்யாணத்துக்கு, யாருமே பார்த்திராத ஒரு பிராணியைச் சீர் தருகிறேன் என்று சபையில் சொல்லிவிடுகிறார். ராய்க்கா சமூகத்து ஹர்மல் வேவு பார்த்து வர, லங்காவுக்குப் படையெடுத்து ராவணனை வென்று செம்பழுப்பு ஒட்டகங்களை ஓட்டி வருகிறார்கள். பாபூஜியையே லட்சுமணனின் அவதாரம் என்று பாடுவார்கள், அதனால் ராவணன் வருவது பொருத்தம்தான். கதையில் வரும் அந்த லங்கா நமக்குத் தெரிந்த இலங்கைத் தீவு இல்லை. அது இருப்பது மேற்குத் திசையில்.

ராய்க்கா, ரபாரி என்று அழைக்கப்படும் ஒட்டகம் வளர்க்கும் சமூகத்தார் இதனால் பாபூஜியைத் தங்கள் காவல் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். மந்தையில் நோய் விழுந்தால் பாபூஜிக்கு வேண்டிக்கொள்வார்கள். குணமானதும் போபாவையும் அவர் மனைவி போபியையும் அழைத்து 'ஃபட்' விரிக்கச் சொல்வார்கள். ஃபட் என்பது ஏறக்குறைய 15 அடி நீளத் துணிச் சித்திரம். பொழுது சாய்ந்த பிறகுதான் விரிப்பார்கள். போபி எண்ணெய் விளக்கை உயர்த்திப் பிடித்து, எந்தக் காட்சியைப் பாடுகிறார்களோ அந்த இடத்தில் வெளிச்சம் காட்டுவாள். சித்திரம் அலங்காரத்துக்கு இல்லை, அதுவே கோயில். ஊர் ஊராகச் சுற்றும் மேய்ச்சல்காரர்களுக்குச் சுருட்டித் தோளில் தூக்கிவரக்கூடிய கோயில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அப்படியானால் ஒட்டக வைத்தியம் முழுக்க வேண்டுதல்தானா?

இல்லவே இல்லை. ராய்க்காக்களுக்கு ஒட்டக நோய்கள் பற்றி இருக்கும் அறிவு அசாத்தியமானது. ஒட்டகங்களை அதிகம் கொல்லும் நோய்களில் ஒன்று சர்ரா. ரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணியால் வருவது, மாட்டு ஈ கடித்துப் பரவுவது. காய்ச்சல் விட்டு விட்டு வரும், பிராணி மெலிந்துகொண்டே போகும். மூன்று வருடம் வரை இழுக்கும் என்பதால் அங்கே அதன் பெயர் 'திபர்சா'. அனுபவமுள்ள ராய்க்கா ஒருவர் ஒட்டகம் சிறுநீர் கழித்த மணலை எடுத்து உருட்டி மோந்து பார்த்தே இந்த நோயைச் சொல்லிவிடுவார். சொறி பிடித்தால் தாராமீரா என்ற கடுகு இன விதையின் எண்ணெயைப் பூசுவார்கள். உறைப்பான எண்ணெய் அது.

ஒரே ஆள்தான் மணலை மோந்தும் பார்க்கிறார், பாபூஜிக்கும் வேண்டிக்கொள்கிறார், இன்றைக்கு ஊசி போடக் கால்நடை டாக்டரையும் கூப்பிடுகிறார். அவருக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்த பெரியவர் சொன்னார்: "ஊசி ஒட்டகத்துக்கு, பாட்டு எங்களுக்கு." அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கோகாஜி, தேஜாஜி என்று பாம்பு தெய்வங்கள் உண்டாமே?

பாம்பே தெய்வமில்லை, பாம்புக் கடியிலிருந்து காக்கும் வீரர்கள். கோகாஜி சூரு மாவட்டத்தின் தத்ரேவாவில் பிறந்தவர். "ஊருக்கு ஊர் வன்னி, ஊருக்கு ஊர் கோகா" என்பது மார்வாரிப் பழமொழி. உண்மையிலேயே அப்படித்தான், வன்னி மரத்தடியில் பாம்பு செதுக்கிய ஒரு கல் நின்றால் அது கோகாஜி. முதல் மழைக்கு உழவு தொடங்கும்போது ஒன்பது முடிச்சுப் போட்ட கோகா ராக்கியைக் கலப்பைக்கும் உழுபவருக்கும் கட்டுவார்கள். மழை பெய்ததும் புற்றிலிருந்து பாம்பு வெளியே வரும் காலமும் அதுதானே.

தேஜாஜி நாகௌர் மாவட்டத்துக் கர்னாலைச் சேர்ந்த ஜாட் சமூகத்து வீரர். களவு போன பசுக்களை மீட்கப் போகும் வழியில் ஒரு பாம்பு அவரைக் கடிக்க வந்தது. மாட்டை மீட்டுவிட்டு நானே வருகிறேன், அப்போது கடி என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடி திரும்பி வந்தார். உடம்பெல்லாம் வெட்டுக் காயம். ரத்தம் படாத இடமே இல்லையே, எங்கே கடிப்பேன் என்று பாம்பு கேட்டது. நாக்கை நீட்டினார். என் பெயரைச் சொல்லி வருபவரை விஷம் கொல்லாது என்ற வரம் கிடைத்தது. அவருடைய பூசாரிக்கு 'கோட்லா' என்று பெயர். கடிபட்டவருக்கு தேஜாஜி பெயரில் தாந்தி கட்டுவார்கள். பிழைத்தவர் புரட்டாசிக்கு முன்பாக வரும் தேஜா தசமியன்று மேடைக்குப் போய் அந்த நூலை அறுத்துக் காணிக்கை செலுத்துவார்.

தாந்தி கட்டியே பிழைத்தவர்கள் இருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இருக்கிறார்கள். நேரிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறு.

பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காமலே விட்டுவிடும். தாரில் அதிகம் கடிப்பது சுருட்டை விரியன், அங்கே 'பாண்டி' என்பார்கள். செதில்களை உரசி ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்பும். அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும். ஆனால் உடனே கொல்வதில்லை. நாள்கணக்கில் இழுக்கும், சிலர் வைத்தியமே இல்லாமலும் தப்பிப்பார்கள். ஆக, கடிபட்ட பத்துப் பேர் மேடைக்குப் போனால் பலர் எப்படியும் வீடு திரும்புவார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஊருக்குச் சாட்சி. திரும்பாதவரைப் பற்றி "நேரமாகிவிட்டது, சாமி என்ன செய்யும்" என்பார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள், வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் படித்த பிறகு என்னால் தாந்தி விஷயத்தில் மழுப்பிப் பேச முடியவில்லை. நூல் கட்டுவதால் தீங்கில்லை. நூல் கட்டப் போகும் இரண்டு மணி நேரம்தான் தீங்கு. இறுக்கிக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும் அதைவிடத் தீங்கு. ரத்தம் உறையாத நிலையில் இருப்பவரைக் கீறினால் அந்தக் காயமே அவரைக் கொல்லும்.

மூச்சைக் குடிக்கும் பாம்பு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

'பீவணா' என்று சொல்கிறார்கள், குடிப்பது என்று பொருள். பார்மேர், ஜெய்சல்மேர் பக்கம் இந்தப் பெயரைச் சொன்னாலே குரல் தணியும். தூங்குபவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து, மூக்கருகே முகம் வைத்து மூச்சைக் குடித்துவிட்டு, வாய்க்குள் விஷத்தை விட்டுப் போய்விடுமாம். விழித்தவருக்குத் தொண்டை அடைத்திருக்கும், பேச்சு வராது, விழுங்க முடியாது. உடம்பில் கடித்த தடமே இருக்காது. தொண்டையில் கொப்புளம் கிளம்பியிருக்கும் என்றும், விடிவதற்குள் அதை உடைத்துவிட வேண்டும், வெயில் பட்டால் உயிர் போய்விடும் என்றும் நம்புகிறார்கள்.

அப்படி மூச்சைக் குடிக்கும் பாம்பு கிடையாது. அது கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும். தரையில் தூங்குபவரின் உடல் பட்டால் கடிக்கும். பல் மிகச் சிறியது, வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, தூக்கமே கலையாமல் போகலாம். தடத்தைத் தேடினாலும் கிடைக்காது. விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடும். முதலில் இமை தொங்கும். அப்புறம் நாக்கு குழறும், எச்சில் விழுங்க முடியாமல் தொண்டையில் தேங்கும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும்.

இந்தக் கதையை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. அந்த மக்கள் பார்த்தது எல்லாம் சரி. ராத்திரி, தூக்கம், தடமில்லாத உடம்பு, அடைத்த தொண்டை, நின்றுபோகும் மூச்சு என்று ஓர் அறிகுறியைக்கூட விடவில்லை. காரணத்தை மட்டும்தான் தவறாக ஊகித்தார்கள். இந்த நிலையில் வருபவரைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்து, விஷமுறிவு மருந்தும் கொடுத்தால் பிழைக்க வைக்க முடியும். தொண்டைக்குள் விரலை விட்டுக் கொப்புளம் தேடினால் இருக்கிற மூச்சும் போகும். கயிற்றுக் கட்டிலில் படுத்து, கொசுவலையைச் சுற்றிச் செருகிக்கொள்வதுதான் பீவணாவுக்கு நல்ல காப்பு.

ஆஸ்பத்திரி மருந்து அங்கே நன்றாக வேலை செய்கிறதா?

இந்தக் கேள்விக்கான பதிலில் நம் ஊரும் வருகிறது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துச் செய்யப்படுகிறது. அந்த விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், தாரில் இருக்கும் சுருட்டை விரியன் நம் பக்கத்துச் சுருட்டையைவிடப் பெரியது, வேறு துணை இனம். விஷத்தின் சேர்க்கையும் மாறுகிறது. தெற்கத்திப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து மேற்கு ராஜஸ்தான் நோயாளிகளுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை என்று ஜோத்பூர் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குப்பி குப்பியாக ஏற்றியும் ரத்தம் உறையாமல் நாள்கணக்கில் கிடப்பவர்கள் உண்டு. அதைப் பார்த்த குடும்பம் அடுத்த முறை எங்கே போகும்? மேடைக்குத்தான். "படிக்காதவங்க, அதான் நம்பறாங்க" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தந்தப் பகுதிப் பாம்புக்கு அந்தந்தப் பகுதி மருந்து செய்வது நம் கடமை. இவ்வளவு இருந்தும் ஆஸ்பத்திரிதான் சரியான இடம், அதில் சந்தேகம் வேண்டாம். மருந்து முழுசாகப் பிடிக்காவிட்டாலும் ரத்தம், சிறுநீரகம், மூச்சு எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க அங்கேதான் வசதி உண்டு.

கண் திருஷ்டி கழிப்பது நம்மைப் போலத்தானா?

ஏறக்குறைய அதேதான். குழந்தைக்கு மைப்பொட்டு, கையிலும் காலிலும் கறுப்புக் கயிறு, வாசலில் எலுமிச்சையும் மிளகாயும். உப்பும் கடுகும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். ஆடு, ஒட்டகத்துக்கும் கறுப்புக் கயிறு உண்டு. என் மகள் ஒரு வாரம் விடாமல் அழுதபோது பக்கத்து வீட்டு அம்மா கடுகோடு வந்து நின்றார். என் பாட்டி வந்து நிற்பது போலவே இருந்தது.

சீதளா மாதா யார்?

அம்மை நோயின் தாய். கழுதை மேல் ஏறி, கையில் துடைப்பத்தோடு இருப்பாள், பூசை செய்பவர் பெரும்பாலும் குயவர். நமக்கு மாரியம்மன் எப்படியோ அப்படி. பெயரிலேயே குளிர்ச்சி இருக்கிறது. ஹோலி முடிந்து ஏழாம் எட்டாம் நாளில் அவளுக்குப் பண்டிகை. அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. முதல் நாளே சமைத்து வைத்ததை ஆறியபடி படைத்துச் சாப்பிட வேண்டும். மற்ற இடங்களில் சப்தமியில் செய்வதை ஜோத்பூரில் அஷ்டமியில் செய்கிறார்கள். ராஜா வீட்டுப் பிள்ளை ஒருவர் சப்தமியன்று அம்மை கண்டு இறந்ததால் என்று காரணம் சொல்வார்கள்.

பெரியம்மை இந்தியாவில் 1975க்குப் பிறகு இல்லை. ஆனாலும் சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் இன்றும் 'மாதா வந்திருக்கிறாள்' என்றுதான் சொல்கிறார்கள். நோயாளியைத் தனியே படுக்க வைப்பது, வேப்பிலை, குளிர்ந்த உணவு எல்லாம் நல்லதுதான். மருந்து கொடுத்தால் மாதா கோபிப்பாள் என்று தடுக்கும் இடத்தில் மட்டும் பெரியவர்களோடு வாதாட வேண்டியிருக்கிறது.

நாரு நோய் என்று கேள்விப்பட்டேன். அது என்ன?

நரம்புச் சிலந்தி என்று நம் பழைய புத்தகங்களில் வரும். குளத்துத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி வழியாக வயிற்றுக்குள் போகும் புழு, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளமாகக் கிளம்பி வெளியே வரும். ஒரு மீட்டர் நீளம் வரைகூட இருக்கும். ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் இழுக்க வேண்டும், அறுந்தால் சீழ் பிடித்துவிடும். இந்தக் குச்சி வைத்தியம் கிராமத்து வைத்தியர்களுடையது. நவீன மருத்துவமும் இதைவிட நல்ல வழி கண்டுபிடிக்கவில்லை.

படிக்கிணற்றில் இறங்கிக் குடம் முக்கும் வழக்கம் இருந்த தாரில் இது பெரும் சாபமாக இருந்தது. 1980களில் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு துணி வடிகட்டி கொடுத்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில், ஜோத்பூர் மாவட்டத்தில்தான். 2000இல் இந்தியா இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இதில் என்னை நெகிழ வைத்த ஒன்று உண்டு. 1485இல் ஜாம்போஜி தொடங்கிய பிஷ்ணோய் நெறியின் 29 விதிகளில் தண்ணீரை வடிகட்டிக் குடி என்பதும் ஒன்று. தண்ணீரில் இருக்கும் உயிர்கள் சாகக் கூடாது என்பதற்காகச் சொன்னது. அந்த உயிர்களைக் காப்பாற்றிய அதே துணிதான் ஐந்நூறு வருடம் கழித்து மனிதர்களைக் காப்பாற்றியது.

மூலிகைகள்?

தும்பா என்று மணலில் கொடி ஓடும், நம் பேய்க்குமட்டிதான். அதற்குள் ஓமமும் உப்பும் அடைத்துக் காயவைத்து வயிற்று வலிக்கு ஒரு சிட்டிகை தருவார்கள். கால்நடைக்கும் கொடுப்பார்கள். அளவு மீறினால் குடலையே புண்ணாக்கும் கடும் பேதி மருந்து அது, வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். குக்குலுப் பிசின் மூட்டு வலிக்கு மருந்து, கெட்ட காற்று அண்டாமல் இருக்கப் புகையும் போடுவார்கள். பிசினுக்காகக் கண்டபடி வெட்டியதில் அந்தச் செடி இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. கேஜ்ரி என்று அவர்கள் வணங்கும் மரம் நம் வன்னி. பஞ்ச காலத்தில் அதன் பட்டையை இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டுத் தின்றிருக்கிறார்கள். 1730இல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 363 பிஷ்ணோய்கள் உயிர் கொடுத்தார்கள். ஒட்டகப் பால் சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நம்பிக்கையைப் பிகானேர் மருத்துவர்கள் ஆராய்ந்து, பலன் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்.

குழந்தைக்குச் சூடு போடுவது உண்மையா?

உண்மை. சளி, நிமோனியா கண்ட பச்சைக் குழந்தையின் வயிற்றில், மார்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைப்பது. 'டாம்' என்பார்கள். தாரைவிடத் தென்கிழக்கே பில்வாரா பக்கம்தான் அதிகம். இதற்கு எந்த நியாயமும் கிடையாது. குழந்தைகள் செத்திருக்கின்றன. தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

'டாகண்' என்று பெண்களைச் சொல்கிறார்களே?

சூனியக்காரி என்று பொருள். வீட்டில் தொடர்ந்து நோய், மாடு சாவு என்று வரும்போது போபா சில சமயம் ஒரு பெண்ணைக் கைகாட்டிவிடுவார். பெரும்பாலும் விதவை, பிள்ளை இல்லாதவள், அல்லது பெயரில் கொஞ்சம் நிலம் உள்ளவள். அடி, மொட்டை, ஊர்விலக்கு, சில சமயம் கொலை. உதய்ப்பூர் சமஸ்தானம் 1853இலேயே இதைத் தடை செய்தது. ராஜஸ்தான் அரசு 2015இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பெண்ணை டாகண் என்று அழைப்பதே அதன்படி குற்றம். போபாக்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயலலாம். இதைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை, தடுக்க வேண்டும்.

இதெல்லாம் இந்துக்களுக்கு மட்டுமா?

நோய்க்கு மதம் ஏது? கோகாஜியின் கோகாமேடி சன்னிதி தர்கா போன்ற அமைப்பில் இருக்கிறது, அங்கே முஸ்லிம் பூசாரிகளும் உண்டு. கோகாஜிக்கு ஜாஹர் பீர் என்றும் பெயர். பொக்ரானுக்குப் பக்கத்தில் ராம்தேவ்ராவில் இருக்கும் ராம்தேவ்ஜி, முஸ்லிம்களுக்கு ராம்சா பீர். ஆவணி, புரட்டாசி வாக்கில் நடக்கும் திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாக வருகிறார்கள். துணியில் தைத்த குதிரையைக் காணிக்கையாகத் தருகிறார்கள். பர்ச்சா பாவடிக் கிணற்றுத் தண்ணீரைத் தீர்த்தமாக எடுத்துப் போகிறார்கள்.

போபாவிடம் போகாதே என்று சொல்லிவிடலாமா?

நான் சொல்வதில்லை. சாப்பிடாமல் கிடந்த மருமகளை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் கல்யாணமாகி, முக்காடு போட்டு, பேசவே உரிமை இல்லாத வீட்டுக்கு வந்தவள். மேடையில் அவளுக்குப் பாவ் வருகிறது. தலையை விரித்துப்போட்டு மாமியாரை, கணவனைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிறாள். ஊர் முழுக்கக் கைகட்டிக் கேட்கிறது. ஏனென்றால் பேசுவது அவள் இல்லை, தெய்வம். வீடு திரும்பும்போது அவள் முகம் தெளிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த டாணியில் அவளுக்கு ஒரு மனநல மருத்துவர் கிடைக்கும் வரை, அந்த மேடையைப் பிடுங்கிவிட்டு நான் எதைக் கொடுப்பேன்?

ஆனால் பாம்புக் கடி, மூச்சுத்திணறல், பிரசவம், ஜன்னி என்றால் முதலில் 108. வண்டி வரும்வரை நூல் கட்டட்டும், மந்திரம் சொல்லட்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், எலும்பு முறிவுக்குச் செய்வது போலச் சிம்பு வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, நடக்க விடாமல் தூக்கிப் போக வேண்டும். பல போபாக்களே இப்போது நூலைக் கட்டிவிட்டு "உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்புகிறார்கள். சாமி வாக்காக வரும்போது அதை யாரும் மீறுவதில்லை.

ஃபட் பாட்டை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் பகலில்கூட ஒரு போபா குடும்பம் பாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம், ஆனால் அது சுற்றுலாவுக்கு. உண்மையான ஃபட் இரவு வேண்டுமென்றால் மழைக்கால நான்கு மாதங்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். அது சாமி உறங்கும் காலம், விரிக்க மாட்டார்கள். கோலு பக்கத்துக் கிராமங்களில் தெரிந்த ராய்க்கா குடும்பம் இருந்தால் சொல்லி வையுங்கள், ஒட்டகம் குணமானால் அழைப்பு வரும். விடியும்வரை உட்கார வேண்டும், போர்வை எடுத்துப் போங்கள், மணல் ராத்திரியில் சில்லிட்டுவிடும். பணம் கொடுத்துப் பழைய ஃபட்டை வாங்கலாமா என்று மட்டும் போபாவிடம் கேட்காதீர்கள். கிழிந்து நைந்த ஃபட்டை விற்பது மரபில்லை. புஷ்கருக்கு எடுத்துப் போய், பூசை செய்து, ஏரித் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'டண்டி கர்ணா', குளிர வைப்பது.